காக்கா கத்தாமல் வந்தவர்கள்

கோணக்குளம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களுக்கே அதில் இரண்டு கருத்து உண்டு. ஆனால் காக்கா கத்தினால்தான் விருந்தாளி வருவார் என்பதில் மட்டும் ஊருக்கே ஒரே கருத்து.

அந்த ஊர் இருளாண்டிக்கு ஒரே மகள், பேச்சிக்கனி. கெட்டிக்காரப் பெண், அதனாலேயே உள்ளூரில் மாப்பிள்ளை அமையவில்லை. வெளியூரிலிருந்து ஒரு நல்ல இடம் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியது. இதையும் விட்டால் அவளுக்கு வேறு கதி இல்லை.

அன்று காலை இருளாண்டியின் மச்சினன் சப்பாணிமுத்து முருங்கைமரத்துக் காக்காவுக்கு நெய்ச்சோறு வைத்தான். "நல்லாத் தின்னாத்தான் அத்தான், நல்லாக் கத்தும்" என்றான். காக்கா கழுத்து முட்டத் தின்றுவிட்டுக் கிளையிலேயே கண்ணைச் செருகிக்கொண்டது.

வேன் வந்தது. பட்டும் தாம்பாளமுமாக மாப்பிள்ளை வீட்டார் இறங்கினார்கள். இருளாண்டி மரத்தைப் பார்த்தார். சத்தமே இல்லை. சட்டென்று வாசல் படலைச் சாத்தினார்.

"காக்கா கத்தலையே மாப்ள. அப்ப இவங்க விருந்தாளி இல்ல. யாரா இருக்கும்?" என்று மச்சினனிடம் கேட்டார்.

"களவாணிப் பயலுவளா இருக்கும் அத்தான்."

"களவாங்க வாறவன் தாம்பாளத்தோடயா வருவான்?"

"பின்ன? களவாண்டத அள்ளிட்டுப் போக ஏனம் வேணும்லா!"

"அப்பா, படலைத் திறங்கப்பா! வெயில்ல நிக்காங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் பேச்சிக்கனி.

"நீ கத்தி என்னத்துக்கு ஆவும்? காக்கா கத்தணும்" என்றார் இருளாண்டி.

மாப்பிள்ளையின் தகப்பனார் பொறுமைசாலி. வரும் வழியில் செம்போத்து இடமிருந்து வலமாகப் போயிருந்தது. அவ்வளவு நல்ல சகுனத்தை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியதும், மானத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "கா... கா..." என்று தானே கத்திப் பார்த்தார்.

சப்பாணிமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். "காக்கா கத்துனா விருந்தாளி வரும். விருந்தாளி கத்துனா காக்காதான்யா வரும்!"

வேன் திரும்பிப் போனது. புழுதி அடங்குவதற்குள் காக்கா விழித்துக்கொண்டு "கா" என்றது.

"காக்கா கத்திட்டுடே! எங்கடே விருந்தாளி?" என்று பதறினார் இருளாண்டி.

ஊர் கூடி யோசித்தது. காக்கா வாக்கு பொய்த்தால் ஊருக்கல்லவா கேடு! கடைசியில் இருளாண்டியே பட்டு வேட்டி கட்டி, ஊர் எல்லைவரை போய்த் திரும்பி வந்தார். படல் திறந்தது. "வாங்க, வாங்க" என்று பாய் விரித்தார்கள். கேசரி வந்தது. காப்பி கொண்டுவந்த பேச்சிக்கனி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"பொண்ணு பிடிச்சிருக்கா?" சப்பாணிமுத்து பவ்யமாகக் கேட்டான்.

இருளாண்டி மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஊருக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்லியனுப்புதோம்."

பதில் இன்னும் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்று இருளாண்டி இன்றைக்கும் பொருமிக்கொண்டிருக்கிறார்.