கத்தாத ஆள்காட்டி

கோடையில் கண்மாய் வற்றிக் கிடந்தது. நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். அதைச் சுற்றிய வெறுந்தரையில் பதினொரு ஜோடி ஆள்காட்டிக் குருவிகள் முட்டையிட்டிருந்தன. கூடு என்று ஒன்றும் கிடையாது. கூழாங்கற்களை ஒதுக்கிவிட்டு, மண் நிறத்தில் நாலு முட்டை, அவ்வளவுதான்.

தினமும் மதியம் எருமைக் கூட்டம் தண்ணீருக்கு வரும். வந்தால் இரண்டு மூன்று முட்டையாவது நசுங்கும்.

"இதுக்கு ஒரு முடிவு கட்டணும்!" என்று குருவிகள் கூடிப் பேசின.

"தனித்தனியாக் கத்துறதாலதான் அதுங்க காதுல ஏறல. எல்லாரும் ஒண்ணாக் கத்துவோம்!" என்றது கருங்கழுத்தன் என்ற ஆண்குருவி. எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. அதன் மனைவி செம்மூக்கிக்கும்தான்.

மறுநாள் இருபத்திரண்டு குருவிகளும் சேர்ந்து கத்தின. கண்மாயே அதிர்ந்தது. ஆனால் ஒரு குருவிகூடத் தன் முட்டைக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. முட்டை இருக்கும் இடம் யாருக்கும் தெரியக் கூடாது என்று தூரப் போய் நின்று கத்துவதுதான் அந்த இனத்தின் வழக்கம். எருமைகள் மிரண்டன. சத்தமில்லாத பக்கமாகப் பார்த்து ஒதுங்கி நடந்தன.

முட்டைகள் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன.

அன்று ஐந்து ஜோடிகளின் முட்டைகள் போயின. செம்மூக்கியின் நாலும் போயின. உடைந்த ஓடுகளையே அது சுற்றிச் சுற்றி வந்தது.

"நாளைக்கு இன்னும் சத்தமா..." என்று ஆரம்பித்தது கருங்கழுத்தன். செம்மூக்கி தண்ணீரை நோக்கிப் பறந்தது. கூட்டத்தை நடத்திவரும் எருமை வளைகொம்பி அங்கே சேற்றில் கிடந்தது.

"எங்க மேல உனக்கு என்ன கோவம்? ஏன் மிதிச்சே?"

"மிதிச்சேனா? எதை?" வளைகொம்பி விழித்தது. "நீங்க கத்துற பக்கம் முட்டை இருக்கும்னு நெனச்சுத்தான் தாயி, இந்தப் பக்கமா ஒதுங்கி வந்தேன்! இத்தனை வருசத்துல உங்க முட்டையை நான் கண்ணால பார்த்ததே இல்லையே!"

செம்மூக்கிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஈவிரக்கமில்லாத எருமை என்றல்லவா இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தது!

சில நாள் கழித்து அது மறுபடியும் நாலு முட்டை இட்டது. முட்டை இழந்த மற்ற ஜோடிகளும் அப்படியே இட்டன.

"இந்தத் தடவை நான் கத்தமாட்டேங்க. முட்டை மேலயே உக்காந்திருப்பேன். எருமை கிட்ட வந்ததும் எந்திரிச்சுக் காட்டுவேன்" என்றது செம்மூக்கி.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்று கருங்கழுத்தன் பதறியது. "பனைமரத்துல காக்கா இருக்கு. நீ எந்திரிச்சா அதுவும் பார்க்கும்! முட்டையைக் காட்டுற வழக்கம் நம்ம இனத்துலயே கிடையாது!"

"பார்க்கட்டும். காக்கா ஒண்ணைத் தூக்கும். குளம்பு நாலையும் நசுக்கிடும்."

மதியம் தரை அதிர்ந்தது. எருமைகள் வந்தன. மற்றக் குருவிகள் தூரத்தில் பறந்து கத்தின. செம்மூக்கி மட்டும் அசையவில்லை. முதல் குளம்பு ஒரு முழத் தூரத்தில் விழுந்தபோது, இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு எழுந்து நின்றது.

வளைகொம்பி நின்றது. தலையைத் தாழ்த்திப் பார்த்தது.

"இவ்வளவு சின்னதா?" என்றது மெதுவாக. "இதையா நான் இத்தனை நாளும்..." பின்னால் திரும்பி, "யாரும் இந்தப் பக்கம் வராதீங்க! கரையோரமாப் போங்க!" என்று கத்தியது.

கூட்டம் திரும்பியது. அந்த நேரம் பார்த்துக் காக்கையும் பாய்ந்து ஒரு முட்டையைக் கொத்திக்கொண்டு போயிற்று. செம்மூக்கி அழுதது. அழுதுகொண்டே மீதி மூன்றின் மேல் உட்கார்ந்தது. கருங்கழுத்தன் வந்து பக்கத்தில் நின்றது.

மறுநாள் எருமைகள் வந்தபோது கண்மாயில் சத்தமே இல்லை. பதினொரு குருவிகள் பதினொரு இடத்தில் சிறகை விரித்து எழுந்து நின்றன. எருமைகள் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து விலகி நடந்தன. செம்மூக்கியின் மூன்று குஞ்சுகளும் அந்தக் கோடையிலேயே எருமைகளின் கால்களுக்கிடையில் ஓடி விளையாடின.

நியாயம் கேட்கப் போகிறவர் காக்க வேண்டியதை ஒளித்துவைத்துவிட்டு எவ்வளவு கத்தினாலும் பயனில்லை. இழப்புக்குத் துணிந்து அதைக் கண்ணெதிரே காட்டினால்தான் மனம் மாறும், வழியும் மாறும்.