குடை நீலம்

“அம்மிணி, எல்லாக் கம்ப்யூட்டர்லயும் ஒரே படம் என்னைக்குத்தானுங்க வரும்?”

மாசிலாமணி வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டார். செருப்பைக் கழற்றியது கேள்விக்குப் பிறகுதான்.

ஹெப்சிபா பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். “வாங்கண்ணா. முதல்ல மூக்கைத் துடைங்க.”

மாசிலாமணி துடைத்தார். இரண்டு நாளாக ஜலதோஷம்.

குரு மலைமேல் இருப்பதும் சீடன் ஏறிப்போய்க் கேட்பதும் இவ்வகைக் கதைகளில் வழக்கம். இங்கேயும் அப்படித்தான். மலை, குன்னூர். ஹெப்சிபா அங்கே இருந்தது தவத்துக்காக அல்ல, கணவர் வீடு அங்கே என்பதால். சீடன் மேட்டுப்பாளையத்திலிருந்து சனிக்கிழமைதோறும் பேருந்தில் ஏறி வருவார். வயதில் சீடன்தான் மூத்தவர், நன்றாகவே மூத்தவர். குருவை ‘அம்மிணி’ என்று கூப்பிடும் சீடன் வேறெந்தப் பரம்பரையிலும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஹெப்சிபாவின் பொறுப்பில் ஒரு லைப்ரரி இருந்தது. புத்தகம் அடுக்கும் இடமல்ல. எண்களைக் கொடுத்தால் கோட்டுப்படம் வரைந்து தரும் நிரல்களின் தொகுப்பு. பெயர் ‘வரைவி’. விலை கிடையாது. யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பித் தரலாம். பல ஊர்க்காரர்கள் திருத்தினார்கள். மாசிலாமணியைப் போல் ஓயாமல் திருத்தியவர் யாருமில்லை.

காரணம், குமுதினி.

குமுதினி அவர் மனைவி. வானிலை ஆய்வாளர். அங்கத்திய குளிர்காலம் முழுவதும் தென்துருவக் கண்டத்தின் கடலோரத்தில் ஓர் ஆய்வு நிலையத்தில் இருந்தாள். கப்பல் வந்தால்தான் திரும்ப முடியும். உறைந்த கடல் உருகினால்தான் கப்பல் வரும்.

ஊரில் இருந்தவரை இருவருக்கும் ஒரு பழக்கம். மாடியில் ஒரு மழைமானி வைத்திருந்தார்கள். அன்று பெய்த மழையைக் கணினியில் கோடாக வரைந்து, சாயங்காலக் காப்பியோடு சேர்ந்து பார்ப்பார்கள். எப்போது பிடித்தது, எப்போது விட்டது என்று சண்டை போடுவார்கள். மழையே இல்லாத நாளிலும் படுத்துக் கிடக்கும் அந்தக் கோட்டைப் பார்ப்பார்கள். சண்டைக்கு அதுவும் போதும்.

இப்போது மாசிலாமணி எண்களை மட்டும் அனுப்பினார். நிலையத்தின் செயற்கைக்கோள் இணைப்பு நூல் மாதிரி. எழுத்து போகும், எண் போகும், படம் போகாது. படத்தை அவளேதான் அங்கே வரைந்துகொள்ள வேண்டும். அங்கிருந்த கணினியோ பழையது. இவரிடம் லினக்ஸ்; அங்கே விண்டோஸ், அதிலும் எல்லாரும் மறந்துபோன ஒரு பதிப்பு.

இரண்டிலும் வரைவி ஓடியது. ஒரே படம்தான் வரவில்லை.

படமே போகாத இணைப்பில் இது அவருக்கு எப்படித் தெரியும்? சோதனை சொன்னது. வரைவிக்காரர்களிடம் ஒரு முறை உண்டு. சரியென்று முடிவு செய்த ஒரு படத்தை மாதிரிப் படமாக வைத்துக்கொள்வார்கள். அதையே ஒவ்வொரு கணினியிலும் புதிதாக வரையச் செய்து, இரண்டையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட ஒரு நிரல் உண்டு. எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று அதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டும்.

மாசிலாமணி கொடுத்த எண் பூஜ்யம்.

ஆகவே தென்துருவத்திலிருந்து தினமும் ஒரே ஒரு சொல் தானாக வந்துகொண்டிருந்தது. ‘பொருந்தவில்லை.’

“இந்த வாரம் என்ன பண்ணுனீங்க?” என்றார் ஹெப்சிபா.

“எழுத்துருவை வரைவிக்குள்ளயே வெச்சுட்டனுங்க. கோடு போடற வேலையைக்கூட அந்தக் கம்ப்யூட்டர்கிட்ட விடலை. நிறத்துக்கும் தனி அட்டவணை எழுதிட்டேன்.”

“இப்பப் பொருந்துதா?”

“போய்ச் சேரவே இல்லீங்க. கனமாயிருச்சு. பாதி வழியிலயே அறுந்து அறுந்து விழுகுது.”

ஹெப்சிபா ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டார்.

“நிறத்துக்கு எதுக்குங்கண்ணா தனி அட்டவணை? நீலம்னா நீலம்.”

“அது சும்மா எடுத்த நீலம் இல்லீங்க அம்மிணி. அவ குடை நீலம். வெயில்ல பிடிச்சுப் பிடிச்சு வெளுத்துப்போன நீலம். குடையை விரிச்சு வெச்சு, பக்கத்துல உட்கார்ந்து, ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்கத் தேடி எடுத்தேன்.”

“குடை இப்ப எங்கே?”

“கதவுக்குப் பின்னால. அவ மாட்டிட்டுப் போன அதே ஆணியில. அன்னைக்கு ஒரு நாள் எடுத்ததுதான். மறுபடி அப்படியே மாட்டிட்டேன்.”

ஹெப்சிபா இன்னொரு பட்டாணியை உரித்தார்.

“அண்ணா, உங்க ஒரு சோதனை தோத்துட்டே இருக்கறதால புது வெளியீடு முழுசும் நிக்குது. பினாங்குல ஒருத்தர் தினம் கேக்கறார். யாழ்ப்பாணத்துல ஒரு பொண்ணு கேக்கறதை நிறுத்திட்டா. அது இன்னும் மோசம்.”

“தெரியுங்க.”

“அந்தப் பூஜ்யத்தைக் கொஞ்சம் ஏத்துங்களேன்.”

“எவ்வளவுங்க ஏத்தறது?” மாசிலாமணியின் குரல் உயர்ந்தது. “இவ்வளவு வேற மாதிரி இருந்தாப் பரவால்லைன்னு நான் எப்படி ஒரு நம்பர் போடறது? இங்க நான் ஒண்ணைப் பாக்கறேன், அங்க அவ வேற ஒண்ணைப் பாக்கறா. அதுக்கு நாங்க பாக்காமயே இருந்துக்கலாம்.”

ஹெப்சிபா முறத்தைக் கீழே வைத்தார். எழுந்து வந்து, மாசிலாமணியின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டார். மாசிலாமணி கொண்டுவந்திருந்த மடிக்கணினியின் பக்கம் குனிந்தார். திரையில் மாதிரிப் படம். குடை நீலத்தில் ஒரு பழைய மழை.

“எனக்கு மங்கலாத் தெரியுது. பொருந்தலை.”

“அது என் கண்ணுக்குன்னு செஞ்ச கண்ணாடிங்க!”

“இந்த மாதிரிப் படம் யாரு கம்ப்யூட்டர்ல எடுத்தது?”

“என்னோடதுல.”

“ஏன்?”

மாசிலாமணிக்குக் கேள்வியே புரியவில்லை. “அதுதானுங்க சரியான படம்.”

ஹெப்சிபா இரண்டு விசைகளைத் தட்டினார்.

மாதிரிப் படம் போய்விட்டது.

இந்த நிரல் உலகத்தில் அப்படியொன்றும் எளிதில் போய்விடாது. அழித்தது பழைய பதிப்புகளில் பத்திரமாக இருக்கும், கேட்டால் வரும். இது ஹெப்சிபாவுக்கும் தெரியும், மாசிலாமணிக்கும் தெரியும். இருந்தாலும் மாசிலாமணி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது.

“என்னங்க அம்மிணி இது!”

“புது மாதிரிப் படம் வேணும். இந்தத் தடவை அவங்ககிட்ட இருந்து வரட்டும்.”

“அங்கிருந்து படம் வராதுங்களே!”

“அப்பச் சொல்லச் சொல்லுங்க. அவங்களுக்கு வாய் இருக்குல்ல?”

வாய் இருந்தது. ஆனால் நிலையத்தில் சொந்தச் செய்திக்கு வாரத்துக்குச் சில வரிகள்தான் இடம்.

“போன வாரத்து வரியில என்ன எழுதுனீங்க?” என்று கேட்டார் ஹெப்சிபா.

“எந்தக் கோப்பை எப்படி மாத்தணும்னு.”

“அதுக்கு முந்தின வாரம்?”

மாசிலாமணி சற்றுத் தயங்கினார். “எந்தக் கோப்பை மாத்தியிருக்கக் கூடாதுன்னு.”

“அவங்க என்ன எழுதுனாங்க?”

“மாத்திட்டேன்னு.”

“சாப்பிட்டியா, தூங்கினியான்னு ஒரு வார்த்தை?”

“இடம் பத்தலைங்க.”

ஹெப்சிபா கண்ணாடியைக் கழற்றி அவரிடமே கொடுத்தார். “எழுதுங்க.”

மாசிலாமணி எழுதினார். இயங்குதளத்தின் பதிப்பு, எழுத்துருவின் பெயர், திரையின் அகலம் என்று கேள்விகள் வளர்ந்தன. ஹெப்சிபா எட்டிப் பார்த்தார். எல்லாவற்றையும் அழித்தார்.

மாசிலாமணி மறுபடி எழுதினார். முன்னதைவிடக் குட்டை, ஆனாலும் ‘புள்ளிகளின் அடர்த்தி’ என்று ஓரிடத்தில் இருந்தது. அதையும் ஹெப்சிபா அழித்தார்.

“நீங்க காப்பி குடிக்கும்போது என்னங்கண்ணா கேப்பீங்க அவங்களை?”

மாசிலாமணி மூக்கை மறுபடி துடைத்தார். பிறகு ஒரே வரி தட்டினார்.

‘குமுதா, உனக்கு என்ன தெரிகிறது?’

ஹெப்சிபா அதை அழிக்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். செய்தி போயிற்று.

செயற்கைக்கோள் மேலே வரும் நேரம் அது. பதில் வந்தால் அவர் கடைசிப் பேருந்து பிடிப்பதற்குள் வரும், இல்லாவிட்டால் நாளைக்குத்தான். ஹெப்சிபா மிளகு தட்டிப் போட்டு ஒரு கஷாயம் கொண்டுவந்தார். மாசிலாமணி அதைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். அவரும் கொஞ்சம் பட்டாணி உரித்தார். தோலைக் கிண்ணத்திலும் பட்டாணியைக் குப்பையிலும் போட்டார்.

“அண்ணா.”

“என்னங்க?”

“பட்டாணி.”

“ஓ.”

வெளியே மூடுபனி இறங்கி, எதிரே இருந்த தேயிலைச் சரிவை எடுத்துக்கொண்டு போயிற்று.

“அவ பாக்கறதே இல்லையோ என்னமோங்க,” என்றார் மாசிலாமணி. “தினமும் பொருந்தலை பொருந்தலைன்னு வந்தா யாருதான் பாப்பாங்க? எத்தனை வேலை அங்க. நான் பாட்டுக்கு இங்கிருந்து மழையை அனுப்பிட்டு இருக்கேன்.”

கணினி மணியடித்தது.

மாசிலாமணி எழுந்தார். எழுந்தவர் பக்கத்தில் போகவில்லை. கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். அதற்குப் பிறகுதான் போனார்.

‘நீலம் வரவில்லை, பச்சை வந்திருக்கிறது. எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக நிற்கிறது. எது என்ன கிழமை என்று விரல்விட்டு எண்ணிக்கொள்கிறேன். மேல் ஓரத்தைக் காணோம். தினமும் ஒன்று அச்சடித்துப் படுக்கைக்குப் பக்கத்தில் ஒட்டுகிறேன்; சுவர் நிறைந்து கதவுக்கு வந்துவிட்டது. வியாழக்கிழமைக் கோடு சாயங்காலம் நெட்டாக ஏறி, அந்த இல்லாத ஓரத்துக்கு வெளியே போய்விட்டது. நீங்கள் பால் வாங்கப் போகிற நேரம். குடை எடுத்துப் போனீர்களா?’

ஹெப்சிபாவும் பின்னால் நின்று படித்தார்.

“என்னங்கண்ணா, பொருந்துதுங்களா?”

மாசிலாமணி பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

தும்மல்தான் வந்தது.