மதுரையிலிருந்து அனுப்பிய சூடு

"குளிர் எலும்புக்குள்ள போகுதும்மா. இங்க எப்படித்தான் இருக்கீங்க?" என்று கேட்டார் சௌந்தரபாண்டியன்.

"போர்த்திக்கிட்டு இருக்கேண்ணே" என்றார் விருமாயி அம்மா.

நீளமான பதிலை எதிர்பார்த்து அவரிடம் வருகிறவர்கள் ஏமாந்துதான் போக வேண்டும்.

விருமாயி அம்மா குரு. வயது நாற்பத்திரண்டு. சௌந்தரபாண்டியன் சீடர். வயது அறுபத்து மூன்று. அதனால் குரு சீடரை 'அண்ணே' என்பார். சீடர் குருவை 'அம்மா' என்பார். இதில் அவர்கள் இருவருக்கும் ஒரு குழப்பமும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான்.

கொடைக்கானலையும் தாண்டி, மலைப்பூண்டு விளையும் ஒரு சரிவில் அம்மாவின் ஒற்றை அறை வீடு. மின்கம்பங்கள் அதற்கு இரண்டு மேடு முன்னாலேயே நின்றுவிட்டன.

சௌந்தரபாண்டியன் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ ஊர்களுக்கு வெளிச்சம் கொண்டுபோனவர். தன் குருவின் வீட்டுக்கு வராமல் கம்பம் நின்றுபோனது தன் சொந்தக் குற்றம் போலவே அவரை உறுத்தியது.

ஓய்வு பெற்ற புதிதில் அவருக்குத் தூக்கம் வராது. யாரோ சொல்லி மலையேறி வந்தார். அம்மா களை எடுத்துக்கொண்டிருந்தார். இவர் பாத்தி ஓரமாக உட்கார்ந்தார். என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனார். விழித்தபோது அவர்மேல் ஒரு சாக்கு போர்த்தியிருந்தது.

அன்றிலிருந்து சீடர்.

இப்போது அவர் விடுவதாக இல்லை.

"உங்களுக்கு ஒரு ஏற்பாடு பண்ணித் தரேம்மா."

"என்னண்ணே?"

"நான் மதுரையில இருந்துகிட்டே இந்த வீட்டைச் சூடாக்குவேன்."

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"மதுரையில சூடு நிறைய இருக்குதான்" என்றார்.

சீடர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

கூரைமேல் சோலார் தகடுகள் ஏறின. மூலையில் இடுப்பு உயரத்துக்குப் பேட்டரி வந்தது. பக்கத்தில் ஹீட்டர். சிம் கார்டு போட்ட சின்னப் பெட்டி ஒன்று. மதுரையில் செல்போனைத் தொட்டால் இங்கே ஹீட்டர் சிவக்கும். அறையில் எத்தனை டிகிரி, பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் செல்போனிலேயே தெரியும்.

ஹீட்டருக்குப் பேட்டரி என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். அது அவருக்குத் தெரியாததல்ல. அதனால் இரவு முழுக்க ஓட்டப்போவதில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில், அம்மா தோட்டத்திலிருந்து உள்ளே வருவதற்கு முன்னால், அறையைச் சூடாக்கி வைத்துவிட்டு நிறுத்திவிடுவது என்று திட்டம். நல்ல திட்டம். வேலையும் சுத்தம். குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை.

பக்கத்துத் தோட்டத்து ஜெயக்கொடி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"உனக்குத்தான் குளிரே உறைக்காதே. இது எதுக்குக்கா?"

"அண்ணனுக்குக் குளிருதே" என்றார் அம்மா.

*

சௌந்தரபாண்டியனுக்கு இன்னொரு ஆசை இருந்தது. உண்மையைச் சொன்னால் அவருக்கு இருந்த ஆசையே அது ஒன்றுதான்.

"ஒரு தடவை எங்க வீட்டுக்கு வந்து சாப்பிடணும்மா. நான் என் கையால பரிமாறணும்."

"பஸ்ல ஏறுனா வாந்தி வரும்ண்ணே."

"கார் கொண்டாரேன்."

"கார்லயும் வரும்."

மலையேறும்போதெல்லாம் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான் வந்தது.

"அம்மா நம்ம வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டாப் போதும் இந்திராணி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று மனைவியிடம் சொல்வார். சொல்லும்போது கண் கலங்கிவிடும்.

"மொதல்ல நீங்க சாப்பிடுங்க. தோசை ஆறுது" என்பார் இந்திராணி.

அவர் சாப்பிடுவார். ஆனால் ஒரு கையில் செல்போன் இருக்கும்.

தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் சாயங்கால பூஜை. திரை விலகியது. மணி அடித்தது. தீபாராதனை நடந்து முடிந்தது. சௌந்தரபாண்டியன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

"பார்த்தீங்களா, இன்னைக்குச் சந்தனக்காப்பு எவ்வளவு அழகு!" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"பதிமூணு டிகிரி" என்றார் சௌந்தரபாண்டியன்.

இன்னொரு நாள் இந்திராணி கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் சுருண்டிருந்தார்.

"உடம்பு கொதிக்குதுங்க."

"பத்தாது. இன்னும் ரெண்டு டிகிரி ஏறணும்" என்றார் அவர், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்திராணி தானே எழுந்துபோய் மாத்திரை போட்டுக்கொண்டார். அவருக்குக் கோபம் வரவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து பழக்கம். வேலையில் இருந்த காலத்தில் புயல் அடித்தால், கம்பங்கள் சௌக்கியமா என்று விசாரித்த பிறகுதான் மனுஷர் வீட்டை விசாரிப்பார்.

*

மார்கழியில் மலைமேல் மேகம் இறங்கி உட்கார்ந்துகொண்டது. நாள் கணக்கில் வெயிலே இல்லை. சோலார் தகடுகள் வானத்தைப் பார்த்துச் சும்மா கிடந்தன. பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு சாயங்காலம் ஹீட்டர் சிவக்க மறுத்துவிட்டது.

சௌந்தரபாண்டியன் மறுநாளே பஸ் ஏறினார்.

"அம்மா, மன்னிக்கணும். என்னால உங்களுக்குச் சூடு அனுப்ப முடியலை. ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்லை."

"எனக்கு நல்லா வந்துச்சு" என்றார் அம்மா.

"நீங்க என் மனசுக்காகச் சொல்றீங்க."

"இல்லண்ணே. குறட்டை விட்டேனாம். ஜெயக்கொடி வந்து சொன்னா."

அவருக்கு ஆறுதலாகவில்லை. பேட்டரியைத் திறந்து பார்த்தார். ஒயரை எல்லாம் இழுத்துப் பார்த்தார். கடைசியில் கட்டிலோரம் உட்கார்ந்தார். பல் தந்தி அடித்தது. செல்போனை எடுத்துப் பார்த்தார்.

"ஏழு டிகிரிதான் இருக்கும்மா!"

"எங்கண்ணே?"

"இங்கதான். இந்த அறையில."

"அப்படியா? அதான் குளிருது" என்றார் அம்மா.

தன் தோளில் கிடந்த கம்பளியை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டார்.

"ஐயோ, உங்களுக்கு?"

"இன்னொண்ணு இருக்குண்ணே."

கம்பளிக்குள் சௌந்தரபாண்டியனின் நடுக்கம் மெல்ல நின்றது. பூண்டு வாசமும் விறகுப் புகையும் கலந்து அடித்தது. சுகமாக இருந்தது. கேட்க வேண்டும் என்று நினைத்து வந்ததைக் கேட்டார்.

"குருவுக்குத் தொண்டு செய்யுறது எப்படிம்மா?"

அம்மா ஒரு கூடைப் பூண்டை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

அவர் உரித்தார். பாதிக் கூடை உரிப்பதற்குள் வெளியே கொஞ்சம் வெயில் தெரிந்தது. பூண்டை அப்படியே போட்டுவிட்டுக் கூரைமேல் ஏறித் தகடுகளைத் துடைத்தார்.

மிச்சத்தை அம்மா உரித்தார்.

*

தை பிறந்தது. அம்மாவுக்குப் பல்வலி வந்தது.

ஞானிகளுக்கும் கடைவாய்ப்பல் உண்டு. கிராம்பு வைத்துப் பார்த்தார். உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். கன்னம் பன்னு மாதிரி வீங்கிவிட்டது. இரண்டு நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லை. ஜெயக்கொடி பயந்துபோய் மதுரைக்குப் போன் போட்டாள்.

"கார் கொண்டாரேன்!" என்றார் சௌந்தரபாண்டியன்.

பிறத்தியாரின் பல்வலிக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவர் உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார். சந்தோஷப்பட்டுவிட்டோமே என்று உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

விடியற்காலையில் கிளம்பினார்கள். வழியெல்லாம் அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். அப்படியும் வத்தலக்குண்டு வருவதற்குள் காரை இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது.

"சொன்னேன்ல" என்றார்.

மதுரையில் பல் மருத்துவர் பல்லைப் பிடுங்கி ஒரு கிண்ணத்தில் போட்டார். சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் சாப்பிடக்கூடாது. அதற்குப் பிறகு குழைந்த சோறு சாப்பிடலாம். காரம் கூடாது, சுடச்சுடக் கூடாது. நாளைக்குக் காலையில் மறுபடியும் வந்து காட்டிவிட்டு மலைக்குப் போகலாம் என்றார்.

"அப்ப ராத்திரி நம்ம வீட்டுலதான்!" என்றார் சௌந்தரபாண்டியன்.

அம்மா வாயில் பஞ்சு. அதனால் தலையை மட்டும் ஆட்டினார்.

வாசலில் இந்திராணி காத்திருந்தார்.

"வா தாயி, வா. எத்தனை வருஷமா இவர் சொல்லிச் சொல்லி!"

பஞ்சை எடுத்துவிட்டு அம்மா பேசிய முதல் வார்த்தை, "சௌக்கியமா மதினி?" என்பதுதான். பிறகு படுத்துத் தூங்கிவிட்டார்.

பகல் முழுக்கச் சௌந்தரபாண்டியன் உட்காரவில்லை. வாழைக்கடைக்குப் போய்த் தலைவாழை இலையாகப் பார்த்து வாங்கி வந்தார். இந்திராணி சோற்றைக் குழைய வடித்து, நெய் விட்டு மசித்தார். மிளகைக் குறைத்து ரசம் வைத்தார்.

"ஆற வைச்சியா?"

"வைச்சேன்."

"ரொம்ப ஆறிடப் போகுது."

"நீங்க தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது.

சாயங்காலம் அம்மா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். மதுரையில் தை மாதம் என்றால் மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்பார்கள், அவ்வளவுதான். அந்தக் காற்றில் இலை பறக்காமல் இருக்க ஒரு ஓரத்தில் தம்ளரை வைத்தார் சௌந்தரபாண்டியன். வேட்டியை மடித்துக் கட்டினார். கையை இரண்டு தடவை கழுவினார்.

"நீ அடுக்களையிலேயே இரு இந்திராணி. எல்லாம் நான்தான்."

அம்மா இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். அவர் சோறு வைத்தார். நிறைந்துபோய் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். இத்தனை வருஷம் கேட்டது இதோ கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது.

"நல்லாப் பசிக்குதுண்ணே. கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்றார் அம்மா, சோற்றில் குழி பறித்துக்கொண்டே.

இடது கையில் ரசப் பாத்திரம். வலது கையில் கரண்டி. சௌந்தரபாண்டியன் குனிந்தார்.

சட்டைப் பையில் செல்போன் கிணுகிணுத்தது. அவர் வைத்த அலாரம்தான். விளக்கு வைக்கும் நேரம்.

கரண்டி பாத்திரத்துக்குள் போனது. செல்போன் கைக்கு வந்தது.

"எட்டுதான் காட்டுது!" என்று பதறினார்.

தொட்டார். ஹீட்டர் சிவக்கவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"சிக்னல் இல்லை. ஒரு நிமிஷம்மா."

ரசப் பாத்திரத்தோடு ஜன்னல் பக்கம் போனார். செல்போனைத் தூக்கிப் பிடித்தார். இந்தப் பக்கம் சாய்ந்தார். அந்தப் பக்கம் சாய்ந்தார். மறுபடியும் தொட்டார்.

அம்மா சோற்றில் பறித்த குழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆங், வந்துருச்சு! எரியுது!"

அடுக்களை வாசலில் இந்திராணியின் தலை தெரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா கையைக் காட்டி வேண்டாம் என்றார்.

"ஒம்பது... பத்து... பேட்டரியும் நிறைய இருக்கு. நல்ல வெயில் அடிச்சிருக்கு அங்க" என்றார் சௌந்தரபாண்டியன். மலையிலிருந்த ஒவ்வொரு டிகிரியும் அவர் முகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துச் சந்தோஷமாகத் திரும்பினார்.

"பதினாலு ஆயிருச்சும்மா! இனிமே உங்களுக்குக் குளிரே இருக்காது."

விருமாயி அம்மா வீங்கிய கன்னத்தோடு சிரித்தார். இலையை ஒரு விரலால் அவர் பக்கமாக நகர்த்தினார்.

"அங்க எனக்குக் குளிரலண்ணே. இங்கதான் பசிக்குது."