தலையை உள்ளே இழுக்காத ஆமை

"அம்மா, இது ஊனமான ஆமை," என்றார் கொண்டல்சாமி.

மடத்தின் குரு பூரணத்தம்மை அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"யார் சொன்னது?"

"நானேதான் சொல்றேன். காலையில இருந்து பார்த்துக்கிட்டுத்தான இருக்கேன்."

கொண்டல்சாமிக்குக் கரிசல்காட்டு ஊர். மிளகாயும் கம்பும் போடுகிறவர். கடற்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் இரட்டைக் குழந்தைகள். ஒன்று அழுது ஓயும், மற்றது தொடங்கும். அவருக்குத் தூக்கம் போனது, பேச்சுப் போனது. கடைசியில் ஒருநாள் ஆளே கிளம்பி வந்துவிட்டார்.

இன்று தனக்குக் காவி வேண்டும் என்று கேட்டிருந்தார். பார்க்கலாம் என்று அம்மை சொல்லியிருந்தார்.

வீட்டிலிருந்தும் ஒரு சேதி வந்திருந்தது. மனைவி சீனித்தாய் சொல்லி அனுப்பியது.

"இன்னைக்கு மதியம் என் தம்பி வண்டி எடுத்துக்கிட்டு வருவான். அவனோட வந்தா சரி. வரலைன்னா வீட்டைப் பூட்டிட்டுப் பிள்ளைகளோட எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வரமாட்டேன். அப்புறம் அவரு சாமியாரானா எனக்கென்ன, ராசாவானா எனக்கென்ன."

அம்மை அடுப்பைத் தணித்தார்.

அவருக்குக் கொண்டல்சாமியைவிட வயது குறைவு. குருவானாலும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"ஆமை ஏது அண்ணாச்சி?"

"கரையில கிடந்துச்சு. முன்னங்காலைச் சுத்தி அறுந்த வலை. வெட்டி எடுத்துட்டேன். பாவமா இருந்துச்சு, சாக்குல வச்சுத் தூக்கிட்டு வந்து நம்ம குளிக்கிற தொட்டியில விட்டிருக்கேன். நல்ல தண்ணி. குடிச்சுத் தெம்பாகட்டும்."

"கடல்ல கிடக்குறதுக்கு நல்ல தண்ணியா?"

"விருந்தாளிக்கு உப்புத்தண்ணியா குடுப்பாங்க?"

அம்மை சிரித்துவிட்டார்.

"சரி, என்ன ஊனம்?"

"எங்க ஊர்க் கண்மாயில ஆமை உண்டு. விரலால தொட்டாப் போதும், தலை கால் எல்லாம் ஓட்டுக்குள்ள போயிரும். அப்புறம் உலகமே இடிஞ்சாலும் அதுக்குக் கவலை இல்ல. அந்த மாதிரி ஒடுங்கணும்னுதான் நான் கண்ணை மூடி உட்கார்ந்து பழகுறேன். இது என்னடான்னா, தலையில தட்டினாலும் உள்ள இழுக்க மாட்டேங்குது!"

"தட்டினீங்களா?"

"லேசாத்தான்."

"உங்க தலையில நான் லேசா ஒண்ணு தட்டவா?"

கொண்டல்சாமி ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"காலும் கால் மாதிரி இல்லம்மா. நகமும் விரலும் எங்கன்னு தேடணும். துடுப்புக் கட்டை மாதிரி இருக்கு. தரையில விட்டா நடக்கத் தெரியல, இழுத்து இழுத்துப் போகுது. இதெல்லாம்கூடப் பரவாயில்ல."

"பிறகு?"

"அழுதுக்கிட்டே இருக்கு. கண்ணு ரெண்டுலயும் ஒழுகுது. எங்க வீட்டுல ரெண்டுன்னா இங்க ஒண்ணு. சத்தம் இல்லாத குறைதான்."

அம்மை எழுந்து தொட்டிக்குப் போனார்.

ஆமை சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. திரும்பும், முட்டும், மறுபடி திரும்பும். பாசி நிறத்தில் ஓடு. நல்ல தாம்பாளம் அகலம் இருக்கும்.

"தூக்குங்க," என்றார் அம்மை.

சாக்கில் வைத்து ஆளுக்கு ஒரு முனை பிடித்தார்கள். மணல் சுட்டது. வழியெல்லாம் கொண்டல்சாமி ஆமைக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். ஆமை துடுப்புக் கையால் அவர் முழங்காலில் இரண்டு போடு போட்டது.

"பார்த்தீங்களா, கோபத்தை. நன்றி கெட்டது."

"தட்டினதுக்குத் தட்டுது. கணக்கு சரிதான்."

ஈர மணலில் இறக்கி வைத்தார்கள். ஆமையின் கண்ணோரத்தில் கொழகொழவென்று நீர் திரண்டு வழிந்தது.

"பாருங்கம்மா, மறுபடியும்!"

"அண்ணாச்சி, கடல் தண்ணியைக் கொஞ்சம் தொட்டு நாக்குல வைங்க."

வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

"இப்போ இதை வைங்க."

அம்மை ஆமையின் கண்ணோரத்து நீரைத் தன் விரலில் வழித்து நீட்டினார். கொண்டல்சாமி தயங்கினார். குரு கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. தொட்டு நாக்கில் வைத்தார்.

தூ தூவென்று துப்பினார்.

"கடலைவிட உப்பா இருக்கு!"

"அது அழுகை இல்ல அண்ணாச்சி. வேலை. திங்கிறது உப்பு, குடிக்கிறது உப்பு. அவ்வளவும் உடம்புல தங்குனா சீவன் தாங்குமா? கண்ணுகிட்ட அதுக்குன்னே ஒரு சுரப்பி. உப்பைத் திரட்டித் திரட்டி வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். நாம கரையில பார்க்கிறதால தெரியுது. கடலுக்குள்ளயும் இதே வேலைதான்."

கொண்டல்சாமி குனிந்து ஆமையின் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை தட்டவில்லை.

"தின்னும்போது தண்ணியும் சேர்ந்து போகுமே?"

"போகும். தொண்டை நெடுக முள்ளு முள்ளா இருக்கு, எல்லாம் வயித்துப் பக்கமாச் சாய்ஞ்சது. தண்ணியை வெளிய தள்ளும்போது முள்ளு தீனியைப் பிடிச்சு நிறுத்திக்கும். சோறு வடிக்கிற மாதிரி."

"வடிதட்டைத் தொண்டையில வச்சிருக்கா!"

"நமக்குத்தான் கை சுடும்."

கொண்டல்சாமி வாயைப் பிளந்தபடி சுற்றி வந்தார். ஓட்டைத் தடவினார். கண்மாய் ஆமைக்கு இருக்கிற மேடு இதற்கு இல்லை. முன்பக்கம் அகன்று, பின்னால் ஒடுங்கி, கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று அவர் கை.

"எல்லாம் சரிம்மா. தலையை ஏன் இழுக்கல?"

"உள்ள இடம் இல்ல. தோள் பக்கம் பூராவும் சதை. நீந்துறதுக்கு."

"இடம் விட்டிருக்கலாமே? ஆபத்துன்னு ஒண்ணு வந்தா எங்க போய் ஒளியும்?"

அலை ஒன்று ஏறி வந்தது. அம்மை ஆமையைப் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினார்.

மணலில் இழுத்து இழுத்துப் போனது, தண்ணீர் தொட்டதும் வேறு ஒன்றாகிவிட்டது. அந்தத் துடுப்புக் கைகள் இரண்டும் ஒன்றாக மேலே எழுந்து, ஒன்றாகக் கீழே இறங்கின. பறவை சிறகடிக்கிற மாதிரி. தெளிந்த தண்ணீருக்குள் ஒரு பச்சை நிழல் அலையைக் குத்திக்கொண்டு அதன் அடியில் பறந்து போயிற்று.

"அடேயப்பா!" என்று கத்தினார் கொண்டல்சாமி. வேட்டி நனைய இடுப்பளவுத் தண்ணீருக்குள் ஓடினார். "பறக்குதும்மா! அம்மா, இது பறக்குது!"

அப்போது மடத்துப் பக்கமிருந்து வண்டிச் சத்தம் கேட்டது. மச்சினன் பவுன்ராஜ் வண்டியை நிறுத்திவிட்டு மணலில் இறங்கி வந்தான்.

"மச்சான்! வெயில்ல நின்னு பேச எனக்கு நேரமில்ல. அக்கா ஒத்த வார்த்தைதான் கேட்டு வரச் சொன்னா. வாரீகளா, இல்லையா?"

கொண்டல்சாமியின் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்தது. தண்ணீருக்குள் நின்றபடியே கேட்டார்.

"பிள்ளைக எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கும்? ஒண்ணுக்கு வயித்து வலி. மத்தது அதைப் பார்த்து அழுகுது. அக்கா ரெண்டையும் பார்த்து அழுகுறா."

கொண்டல்சாமி அம்மையைப் பார்த்தார்.

"அம்மா, காவி?"

"துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன். கேட்டா எடுத்துத் தாரேன்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் கஞ்சி இறக்கணும்னு சொல்றேன்."

ஆனால் அம்மை போகவில்லை. கடலைப் பார்த்து நின்றார். கொண்டல்சாமியும் திரும்பிப் பார்த்தார்.

தூரத்தில், அலைகளுக்கு அப்பால், ஒரு சின்னத் தலை மேலே வந்தது.

"நம்ம ஆமை! கரைக்குத் திரும்ப வருதா?"

"இல்ல. மூச்சு வாங்குது. மீனுக்கு இருக்கிற செவுள் அதுக்கு இல்ல, நம்மள மாதிரி நுரையீரல்தான். அப்பப்ப மேல வந்துதான் ஆகணும்."

"எவ்வளவு நேரம் மேல இருக்கும்?"

"பாருங்க."

ஒரு மூச்சு. அவ்வளவுதான். தலை உள்ளே போய்விட்டது. கடல் அதன்மேல் மூடிக்கொண்டது.

கொண்டல்சாமி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பவுன்ராஜ் செருமினான்.

கொண்டல்சாமி நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தார். ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டு கரையேறினார். அம்மையைக் கும்பிட்டார். நேராகப் போய் வண்டியின் பின்னால் உட்கார்ந்தார்.

"மாப்ள, வழியில மெடிக்கல்ல நிறுத்து. கிரைப் வாட்டர் வாங்கணும்."