செவலை எழுந்திருக்கவில்லை

இதற்குக் காய்ச்சலா, என்மேல் கோபமா? கோபமென்றால் நேற்றே தணிந்திருக்கும். காய்ச்சலென்றால் கண்ணில் ஒரு சோர்வு தெரியும். இது இரண்டுமில்லாமல் ஒரே பார்வையாகப் பார்க்கிறதே, இதற்கு என்ன பெயர்? ஊரார் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிப் பிழைக்கிறவள், ஒரு கோழியிடம் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

உமையாள் இப்படி நினைத்துக்கொண்டே கூடைக்குள் கையை நீட்டினாள். செவலை நிறக் கோழி உடம்பை இரண்டு மடங்காக உப்பிக்கொண்டு, தொண்டைக்குள் ஏதோ உருட்டிவிட்டு, விரலில் கொத்தியது.

எந்தக் காலம் என்று கேட்டால், மன்னர் காலையில் ஆசைப்பட்டது மாலைக்குள் நடந்தாக வேண்டிய காலம். எந்த நாடு என்று கேட்டால், கதைக்கு அது தேவையில்லை. அந்த மன்னர் அண்டை நாட்டு விருந்துக்குப் போன இடத்தில், பூஞ்செடிகளுக்கிடையே கோழிகள் உலாவுவதைப் பார்த்துவிட்டார். ஊர் திரும்பியதும், தம் நந்தவனத்திலும் கோழிகள் உலாவ வேண்டும், கண்ணால் பார்த்த கோழியின் முட்டையைத்தான் இனிச் சாப்பிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அரண்மனை மணியக்காரர் விருத்தகிரிக்கு அன்று நல்ல நாள். வேலைக்காரர்களை ஏவுவதும் விலக்குவதும் அவர் கையில். பத்து வருடமாகச் சபையில் உமையாளின் வேடிக்கைப் பேச்சுக்கு அதிகம் ஆளானவரும் அவர்தான். மன்னரைச் சிரிக்கவைக்கும் வேலை ஒரு பெண்ணுக்கு எதற்கு என்று கேட்டுக் கேட்டு அலுத்திருந்தார். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் உமையாளிடமே நந்தவனத்துக்கு வந்த ஆறு கோழிகளையும் ஒப்படைக்கலாமே என்று மன்னர் காதில் போட்டார். கோழிகளும் அரண்மனைச் சம்பளத்தில் தீனி தின்பதால், அரண்மனைப் பணியாளர் விதி அவற்றுக்கும் உண்டு என்றார். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வேலைக்கு வராதவருக்கு வேலை போகும். முட்டையிடாமல் வேலை போன கோழி மடைப்பள்ளிக்குப் போகும், அதைக் கவனிக்கத் தவறியவள் தன் வீட்டுக்குப் போவாள். மன்னருக்கு இது பெரிய வேடிக்கையாகத் தோன்றவே, சரி என்றார். விருத்தகிரி அன்றே ஆறு கோழிகளின் காலிலும் பணியாளர் அணியும் செப்பு வில்லையைக் கட்டிவிட்டார்.

உமையாள் அதுவரை கோழியைக் குழம்பில்தான் பார்த்திருந்தாள். முதல் நாள் மாலை, அவற்றைக் கூண்டில் அடைக்க நந்தவனத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். ஓடி ஓய்ந்து மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, வெளிச்சம் மங்க மங்க ஆறும் தாமாகவே வரிசையாக உள்ளே போயின. கோழிக்கு ஒன்றாக ஆறு கூடை வைத்தாள். ஐந்தை ஏறெடுத்தும் பார்க்காமல், ஆறும் ஒரே கூடைக்கு முறைபோட்டுக் காத்து நின்றன. அவள் தினமும் விடிந்ததும் வந்து உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினாள். முட்டையிட்ட கோழி எழுந்து நின்று ஊரைக் கூட்டுவது அவளுக்கு மிகவும் பழக்கமான ஒன்றாக இருந்தது. தானும் சபையில் தினம் ஒன்று சொல்லிவிட்டு, கேட்டீர்களா என்று சுற்றிப் பார்க்கிறவள்தானே. சொல்ல ஒன்றும் இல்லாத நாளில் என்ன செய்வோம் என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு. கோழிக்கும் உண்டா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம்தான் செவலை கூடையில் உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. மற்ற ஐந்தும் முணுமுணுத்துக்கொண்டு அடுத்த கூடைக்குப் போயின. உமையாள் செவலையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், கொதித்தது. மிளகும் சின்ன வெங்காயமும் இடித்துக் கொடுத்தாள். துப்பிவிட்டது. ஈரத்துணி போட்டாள். உதறிவிட்டது. செவலையின் முட்டை மட்டும் சற்றுச் சிவந்திருக்கும். அது இரண்டு நாளாக மடைப்பள்ளிக்கு வரவில்லை என்பதை விருத்தகிரி கவனித்துவிட்டார்.

மூன்றாம் நாள், விரலில் கொத்து வாங்கிக்கொண்டு அவள் நின்றபோது, நந்தவனம் பெருக்கும் சடைச்சி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

"என்ன தாயி, கோழிக்கு வைத்தியமா?"

"காய்ச்சல் இறங்கவே மாட்டேன் என்கிறது, சடைச்சி."

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது அடைக்கு ஒக்காந்திருக்கு. இனி முட்டையும் போடாது, எந்திரிக்கவும் செய்யாது."

அடியில் ஒரு முட்டைகூட இல்லையே, எல்லாவற்றையும் எடுத்துவிட்டேனே என்றாள் உமையாள். அது கோழிக்குத் தெரியாதா என்று சடைச்சி கேட்டாள். தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறது.

எழுப்ப வழி உண்டு, மூன்று தரம் தண்ணீரில் முக்கி எடுத்தால் அடை கலைந்துவிடும் என்றும் சடைச்சி சொன்னாள். உமையாள் தொட்டியருகே தூக்கிக்கொண்டுபோனாள். கைக்குள் அது திமிறவில்லை. காலியான கூடையையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று ஒரு உயிர் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லி அவள் பார்த்ததில்லை. பத்து வருடத்தில் தான் ஒருமுறையாவது அப்படிச் சொன்னதுண்டா என்று யோசித்தாள். திரும்பி வந்து கூடையிலேயே விட்டாள்.

சேவலில்லாத நந்தவனத்துக் கோழிகளின் முட்டை பொரிக்காது என்பதால், சடைச்சி தன் வீட்டிலிருந்து ஒன்பது முட்டை கொண்டுவந்தாள். ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டுமாம், இருபத்தொரு நாளில் பொரிக்குமாம். மணலும் வைக்கோலும் பரப்பி, இடிக்குப் பயந்து ஒரு இரும்புத் துண்டும் போட்டு, முட்டைகளை அடுக்கினார்கள். செவலை ஒவ்வொன்றாக அலகால் இழுத்துத் தன் அடியில் சேர்த்துக்கொண்டது.

மறுநாள் சபையில் விருத்தகிரி எழுந்தார். "மன்னா, ஒரு பணியாள் மூன்று நாளாக வேலைக்கு வரவில்லை. விதிப்படி கோழியை மடைப்பள்ளிக்கும், உமையாளை அவள் வீட்டுக்கும் அனுப்ப உத்தரவு வேண்டும்."

மன்னர் உமையாளைப் பார்த்தார். அவருக்கும் வருத்தம்தான், ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று.

"மணியக்காரர் சொல்வது சரி, அரசே," என்றாள் உமையாள். "செவலை அரண்மனைப் பணியாள். அவரே வில்லை கட்டியிருக்கிறார். மகாராணியார் இளவரசரைப் பெற்ற வருடம் தாங்கள் சேர்த்த விதியும் அதே பணியாளருக்குத்தான். பேறுகாலத்தில் இருப்பவளை யாரும் வேலைக்கு அழைக்கக் கூடாது, இருக்கும் இடத்தைவிட்டு எழுப்பவும் கூடாது. செவலை ஒன்பது முட்டைகளோடு அடையில் இருக்கிறது."

விருத்தகிரி விடவில்லை. "அந்த முட்டைகள் சடைச்சி வீட்டுக் கோழி போட்டவை. முட்டையிட்டவளுக்கல்லவா பேறு? இவள் வெறுமனே உட்கார்ந்திருக்கிறாள்."

"முட்டையிடுவதுதான் பேறு என்றால், அரசே," உமையாள் குரலை உயர்த்தவில்லை, "இரண்டு மாதமாகத் தினமும் காலையில் வெங்காயம் போட்டு வறுத்து, தங்கள் தட்டில் மணியக்காரர் வைத்தது என்னவென்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்."

மன்னர் ஒரு கணம் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சபை சிரித்தது. விருத்தகிரி தம் இடத்தில் உட்கார்ந்தார். செவலைக்குப் பேறுகாலச் சலுகை உண்டு, உமையாளின் இடம் உமையாளுக்கே என்று மன்னர் தீர்ப்புச் சொல்லி, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

அதோடு நிற்கவில்லை. இந்தப் பணியாளை இப்போதே பார்க்க வேண்டும் என்று நந்தவனத்துக்குப் புறப்பட்டுவிட்டார். கூடையருகே பட்டுவேட்டி மண்ணில் படக் குந்தி உட்கார்ந்தார். செவலை அவரைப் பார்த்தும் உறுமியது.

"அடியில் என்ன செய்கிறது?" என்று மெதுவாகக் கேட்டார். பத்து வயதுப் பையனைப்போல் இருந்தது அவர் முகம்.

"தெரியாது, அரசே."

"நீ பார்க்கவில்லையா?"

"இல்லை."

"ஒரே ஒருமுறை தூக்கிக் காட்டு. பார்த்ததும் வைத்துவிடலாம்."

உமையாளுக்கும் பார்க்க ஆசைதான். நேற்று மாலையிலிருந்து அந்த ஆசை அவளைப் பாடாய்ப் படுத்தியது. மன்னர் கேட்டு அவள் செய்யாதது எதுவும் இதுவரை இல்லை. செய்ய முடியாததை ஒரு வேடிக்கைப் பேச்சில் மறைத்துவிடுவாள். இப்போதும் வழக்கப்படி நாக்கு ஒன்றைத் தேடிற்று. தேட வேண்டாம் என்று அவள் அதை நிறுத்தினாள். மண்ணில் மன்னருக்கு எதிரே அமர்ந்துகொண்டாள்.

"மாட்டேன், அரசே," என்றாள். "இன்னும் இருபது நாள் இருக்கிறது."