நான்காவது கை

“பொங்கலுக்கு லீவு கிடையாது. விருந்தாளிங்க வர்றாங்க” என்றார் மில் முதலாளி சிதம்பரநாதன்.

வீட்டோடு தங்கி வேலை செய்யும் தங்கபுஷ்பம் நகரவில்லை. “பொங்கலன்னைக்குக் கண்ணைக் கட்டிட்டு, நீட்டுற கையைத் தொட்டு யாருன்னு சொல்லுவோம், ஐயா. எங்கம்மா எனக்குப் பழக்கினது. நான் மகனுக்குப் பழக்கணும். அவனைப் பார்த்து வருஷமாச்சு.”

“இதுக்கா ஊருக்குப் போகணும்? போன்ல சொல்லிக் குடு. என் பேத்தியோட நான் தினமும் போன்லதான் பேசுறேன். என்ன குறைஞ்சுபோச்சு?”

“அப்ப இங்கேயே ஆடிப் பார்ப்போமா, ஐயா?”

அவர் சிரித்துக்கொண்டே, முந்தாநாள் வந்திருந்த பேத்தி நிலானியைக் கூப்பிட்டார். தங்கபுஷ்பம் அவள் கண்ணைத் துண்டால் கட்டினாள். நான்கு பேர் கை நீட்டினார்கள்.

“அம்மா. அப்பா. இது தங்கம் அத்தை, வெங்காய வாசனை.”

நான்காவது கையைக் குழந்தை இரண்டு முறை தடவியது.

“இது யாரு? விருந்தாளி வந்துட்டாங்களா?”

சிதம்பரநாதன் கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

“உன் பஸ் எத்தனை மணிக்கு?” என்றார்.

பஸ் ஊரைத் தாண்டியதும் தங்கபுஷ்பம் பையிலிருந்து தேங்காயெண்ணெயை எடுத்து, பாத்திரம் தேய்த்துச் சொரசொரத்துப்போன உள்ளங்கைகளில் தடவத் தொடங்கினாள்.