வாலடியில் இல்லாத பை

நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கோழிநோய்ப் பரிசோதனைக் கூடம். டாக்டர் ரெஜினாவுக்கு முப்பத்துநாலு வயது. அவரிடம் தொழில் கற்க வந்த சென்னியப்பனுக்கு ஐம்பத்தொன்று. பதினோரு வருஷம் குஞ்சுப் பொரிப்பகத்தில் செத்த குஞ்சுகளை அறுத்துப் பார்த்தவர். கத்தி பிடித்தால் கை நடுங்காது. அந்தக் கை மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று மதியம் சென்னியப்பன், பாவாயியம்மாளின் கோழிப்பண்ணையிலிருந்து நேராகக் கூடத்துக்கு வந்தார்.

"ஆறு கோழி செத்திருந்துச்சுங்க டாக்டரம்மா. மூணை அறுத்தேன். ஒண்ணுலகூட பர்சா இல்லை. கம்போரோ வந்து அழிச்சுட்டுப் போயிருக்குது. பண்ணையில மிச்சமிருக்கற நானூறையும் கொன்னு குழியில போடச் சொல்லிட்டேன்."

பர்சா என்பது வாலடியில் இருக்கும் சின்னப் பை. நோயை எதிர்க்கும் அணுக்கள் அதில்தான் தேறி வரும். கம்போரோ நோய் முதலில் கை வைப்பதும் அதில்தான்.

"கோழிக்கு என்ன வயசுங்கண்ணா?"

"பத்து மாசம்."

ரெஜினா எழுந்து போனார். பின்பக்கக் கூண்டிலிருந்து ஒரு கோழியைப் பிடித்து வந்தார். அதற்கும் பத்து மாசம். காலையில்தான் முட்டை இட்டிருந்தது. தினமும் அதற்குத் தீனி வைப்பவர் சென்னியப்பன். அவர் வாய் திறப்பதற்குள் ரெஜினா அதன் கழுத்தை முறித்துவிட்டார்.

"அறுங்க."

அறுத்தார். பை இல்லை. ஒரு சுருக்கம் மட்டும் இருந்தது. விரலால் தடவினார், மறுபடியும் தடவினார்.

"இது நல்ல கோழியாச்சுங்களே. பை எங்கீங்க?"

"வளர்ந்தா சுருங்கிடும். நீங்க இதுவரைக்கும் அறுத்ததெல்லாம் குஞ்சு."

"அப்ப அதுல இருந்த அணுக்கள்?"

ரெஜினா கத்தியை வாங்கினார். மண்ணீரலைக் காட்டினார். குடலில் ஒரு திட்டைக் காட்டினார். பிறகு கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பியை.

"குஞ்சா இருக்கறப்பவே பையை விட்டுக் கெளம்பிடும். ரத்தத்தோட போயி இங்கெல்லாம் குடியேறிடும். அந்தக் கோழிகள்ல இதையெல்லாம் பாத்தீங்களா?"

"பை இல்லைன்னதும் கத்தியை வச்சுட்டேனுங்க."

"ஆறும் எதுல செத்துச்சு?"

"தெரியலீங்க."

சொன்ன பிறகுதான் அவருக்குக் குழி நினைவு வந்தது. கையைக்கூடக் கழுவாமல் போனை எடுத்தார். மூன்றாவது தடவைதான் பாவாயியம்மாள் எடுத்தார்.

"நீங்க சொன்னாப்பலயே பாதி போட்டாச்சுங்க. மீதியப் புடிச்சிட்டிருக்கறோம்."

"நிறுத்துங்க."

"ஏனுங்க?"

சென்னியப்பன் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"டாக்டரம்மா, வேற பண்ணை ரிப்போர்ட்டோட மாறிப்போச்சுன்னு சொல்லிடட்டுங்களா?"

ரெஜினா அறுத்த கோழியின் மேல் துணியைப் போட்டார்.

"எங்க தேடுனீங்க, எங்க தேடலைன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க."